கைக்குட்டைக்கு அடியில்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் மருந்தறையில் மதிய வெயில் சிமெண்டுத் தரையில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. கிரேன் ஓட்டும் ஆசீர்வாதம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள், காது சோதிக்கும் பெட்டியோடு திருவள்ளூரிலிருந்து வந்திருக்கும் வைஜயந்தி. அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவர் விரல் எழுகிறது. சுருதியைக் கூட்டுகிறாள், அப்போதும் தப்பாமல் எழுகிறது. பொத்தானை அழுத்தும் தன் கட்டைவிரலை விட்டு அவர் கண்கள் நகராததை அவள் கவனிக்கிறாள். கைக்குட்டையை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்துகிறாள். கொசுவின் ரீங்காரம்போல் ஒரு கீச்சொலி ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, பெஞ்சில் காத்திருக்கும் தானியேலுக்கே கேட்கிறது. ஆசீர்வாதத்தின் கை மட்டும் முழங்காலில் அப்படியே கிடக்கிறது. கிரேன் கொக்கிக்குக் கீழே நின்று, சுமையை இறக்கக் கைச்சைகை காட்டி, ஆபத்தென்றால் விசில் ஊதி நிறுத்தச் சொல்வது தானியேலின் வேலை. கழுத்தில் தொங்கும் விசிலைப் பிடித்தபடி அவன் எழுந்து வந்து, அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதருகே கத்துகிறான்.

"இன்னாண்ணே, இத்தினி நாளா என் கையப் பாத்துக்கினுதான் எறக்குனியா?"

தரையில் கிடக்கும் வெயிலைப் பார்த்தபடி ஆசீர்வாதம் ஆமென்று தலையாட்டுகிறார்.

"ஒலப் பொகை வந்து என் கைய மூடிக்கினா?"

அவர் தலையை நிமிர்த்தி அவனைப் பார்க்கிறார்.

"கர்த்தர நெனச்சிக்கினு எறக்கிடுவேன்டா."