இலை போட்ட நேரம்

புதுவயல் கல்யாண மண்டப மேடையில், ஜிகினாக் கால்சட்டையோடு சௌபர்ணிகா துள்ளுகிறாள். பாதிப் பாட்டை ஸ்பீக்கரே பாடிக்கொள்கிறது. கூட்டம் கையாட்டும் வீடியோவை அனுப்பினால்தான் சிங்கப்பூர்க் கச்சேரி கிடைக்குமாம். அவளுடைய எதிர்வீட்டு யோகலட்சுமிக்கு இதெல்லாம் நேற்றே தெரியும். "பாடுறாளா, மூச்சு வாங்குறாளா?" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்கிறாள். அதற்குள் "இலை போட்டாச்சு, வாங்க!" என்று குரல் வர, நாற்காலிகள் கிறீச்சிட்டு மண்டபமே காலியாகிறது. "கையைத் தூக்குங்க, புதுவயல்!" என்று சௌபர்ணிகா கத்துகிறாள். கடைசியாக மிச்சமிருந்த யோகலட்சுமி எழுந்து, பந்தி வாசலில் நிற்கும் மகளைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். "அடியே, எனக்கும் ஒரு இடம் புடிச்சு வையி!" ஸ்பீக்கர் இரைச்சலில் அது மேடைக்கு எட்டவில்லை. சௌபர்ணிகா கண்கலங்க அவளுக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிடுகிறாள். கேமராக்காரர் அந்த ஒற்றைக் கையைப் படம்பிடிக்க ஓடிவருகிறார்.