அலகின் சூடு

ஓநாய் ஆட்சியைக் கைப்பற்றிக் காட்டைப் போரில் இறக்கியிருந்த காலம் அது. சிறைக்குகைக்கு மருத்துவராக ஒரு நாரை அமர்த்தப்பட்டது. குளிர்ந்த அலகு பட்டு நோயாளி நடுங்கிவிடக் கூடாதென்று, அதைச் சிறகுக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகே மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்பது நாரையின் வழக்கம். குகைக்கு வந்த பின்பும் அவ்வழக்கத்தை அது விடவில்லை.

தன் இனத்தார் பதுங்கியிருக்கும் வளையைக் காட்டிக்கொடுக்க மறுத்த முயலொன்றைக் காவல் கழுதைப்புலிகள் அடித்துப் போட்டிருந்தன. நாரை குனிந்து கேட்டது. துடிப்பு தடுமாறியது.

"ஐயா, என் பிள்ளைகளின் காய்ச்சலைத் தீர்த்தவர் நீங்கள். இனித் தாங்காது என்று ஒரு சொல் சொல்லுங்கள், இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள்" என்று முயல் முனகியது.

"என்ன வைத்தியரே, அங்கே என்ன குசுகுசுப்பு? தாங்குமா, தாங்காதா?" என்று வாசலில் நின்ற கழுதைப்புலி சிரித்தது.

அடிப்பது நான் அல்லவே என்று நாரை எண்ணிக்கொண்டது. தாங்காது என்று சொன்ன பழைய மருத்துவர் ஆந்தை போர்முனைக்கு அனுப்பப்பட்டதும் அதன் நினைவுக்கு வந்தது.

"தாங்கும். தலையில் மட்டும் அடிக்காதீர்கள்" என்றது.

கழுதைப்புலிகள் தலையில் அடிக்கவே இல்லை.

சற்று நேரத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. நாரை அலகை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, முயலின் மார்பில் மெல்ல வைத்தது. அலகு இதமாக இருந்தது, மார்புதான் சில்லிட்டிருந்தது.