கட்டங்களுக்கு நடுவே

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத சபேசனுக்குப் பேச்சும் போய்விட்டதால், கட்டிலுக்கு எதிரே ஒரு திரையை மாட்டியிருந்தார்கள். தண்ணீர், வலி, கழிப்பறை, ஃபேன், தூக்கம், போதும் என்று அதில் ஆறு கட்டங்கள். எதை அவர் உற்றுப் பார்க்கிறாரோ அதை ஒரு பெண்குரல் சொல்லும். இன்று காலையிலிருந்து அவர் எந்தக் கட்டத்தையும் பார்க்கவில்லை. கட்டங்களுக்கு நடுவிலிருந்த வெள்ளை இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தை எடுத்துக்கொண்டு திரை, "தண்ணீர் வேண்டும்" என்றது. மனைவி தில்லைநாயகி ஸ்பூனில் ஊட்டினாள். கடைவாயில் வழிந்தது. மறுபடியும், "தண்ணீர் வேண்டும்."

"வேற என்னமோ சொல்ல வர்றீங்க, இல்ல?" என்றாள். கண்கள் இடைவெளியை விட்டு நகரவில்லை.

திரையை மாட்டிவிட்டுப் போனவனுக்குப் போன் செய்தாள். "இன்னொரு கட்டம் போட்டுத் தர முடியுமா தம்பி?"

"அஞ்சு நிமிஷ வேலைம்மா. அதுல என்ன எழுதணும்னு சார்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

அவள் அவர் முகத்தருகே குனிந்து கேட்டாள்.

"தண்ணீர் வேண்டும்" என்றது திரை.

"அது ஏற்கெனவே இருக்கேம்மா" என்றான் அவன் போனில்.

சபேசன் கண்களை மூடிக்கொண்டார்.

"திரைக்கு எதிரே யாரும் இல்லை" என்றது அதே குரல்.