சிட்டுவின் அரிசிப் பெட்டி

சிட்டு முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டிருந்தாள்.

நீலச் சாயம் ஏற்றிய அரிசி. அதற்குள் நான்கு பாட்டில் மூடிகள், ஒரு மரக்கரண்டி, இரண்டு கூழாங்கற்கள். தெரிந்த பெட்டி என்றால் குழந்தை மிரளமாட்டாள் என்று டீச்சர் சொன்னதால் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

பயிற்சி மையத்தில் அன்று முடிவு சொல்லும் நாள். மற்ற நான்கு குழந்தைகளோடு சிட்டுவை உட்காரவைக்கலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் தனியாகத்தானா என்று.

ஆறு வயது முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை. யாராவது தொட்டால் அலறுவாள். அரிசிக்குள் கை போனால் மட்டும் ஊர் அடங்கிய மாதிரி ஆகிவிடுவாள்.

வீட்டில் அவள் அரிசியோடு இருக்கும் நேரத்தைக் குறித்துவைக்கும் என் நோட்டை டீச்சர் புரட்டிக்கொண்டிருந்தார். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தக் கையை முதலில் விட்டாள் என்பது வரை கோடு போட்டு எழுதியிருந்தேன். எதையும் வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

அங்கே எனக்குப் பெயரே நோட்டு அப்பா. இப்படி ஓர் அப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று டீச்சர் பக்கத்தில் இருந்த இன்னொரு குழந்தையின் அம்மாவிடம் நோட்டைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. மற்ற நாளெல்லாம் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றே கால்.

அன்றைக்கு மட்டும் என்ன செய்கிறீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருக்கும் என்றேன்.

நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. வாயால் சொன்னேன்.

அப்போது வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர்.

சிட்டு கையை வெளியே எடுத்தாள். விரல் இடுக்கில் ஒட்டிய அரிசியைப் பெட்டிக்குள்ளேயே உதறினாள். மூடி போட்டாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாமான் வைக்கும் உள் அறைக்குப் போய்க் கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“எடுத்து வைக்கக்கூடப் பழக்கியிருக்கீங்களே, நோட்டு அப்பா. இந்த மாசமே மத்த பசங்களோட சேத்துடலாம்.”

நான் தலையாட்டினேன்.

அவளை அழைத்துவர டீச்சர் கதவைத் திறந்தார். சிட்டு மூலையில், மூடிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். சற்றே சாய்வாக. நான் வைப்பது போலவே.

எழுந்து வந்து கதவை மறுபடி சாத்தினாள்.

கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பெட்டியை அவள் திறக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

“கதவுதான் சாத்தியாச்சே. இன்னும் எதுக்குக் காத்திட்டிருக்கா?”

எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு என் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள். எனக்கு ஒரு மகள் இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மணி அடிக்கும். சிட்டு பெட்டியோடு உள்ளே போவாள். வெளியே நான் போடும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மூடியைத் திறப்பாள்.

மையத்தின் அந்தக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

சிட்டுவுக்கு அது தெரியாது.