எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு

கம்ப்யூட்டரின் நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள்.

நெற்றி என்று நான் சொல்வது திரையின் மேல் விளிம்பை. பொட்டு அதோடு நிற்கவில்லை. விசைப்பலகைக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, எடைமேடையிலிருந்து வரும் கேபிளின் முனைக்கு ஒன்று. எல்லாம் கடையில் வாங்கிய மலிவுக் குங்குமம். கொஞ்சம் சந்தனம் குழைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆயுத பூசையையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டாமா?

கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி, புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி இந்தச் செம்பனை ஆலைக்கு, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கென்று, நான் வந்தது இதைப் பார்க்கத்தான்.

லோரி மேடையில் ஏறி நின்றால் அதன் எடை கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். வரவில்லை. பழக்குலை ஏற்றிய லோரிகள் சாலைவரை நின்றன. எடைக் கிராணி நல்லசாமி மேடைப் பெட்டியில் தெரிந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றின் எடையையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் இன்னொரு பேனா. அதற்கும் பொட்டு வைத்திருப்பார்.

மேனேஜர் ஆலைக்குப் புதியவர்; தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மூன்று வாரம் விடுமுறையில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது ஓடாத கம்ப்யூட்டரும் அதன்மேல் குங்குமமும். மெஷினைக் கெடுத்தது இந்த ஆள்தான் என்றால் எழுதிக் கொடு, நாளைக்கே தோட்டத்துக்குக் குலை வெட்ட அனுப்புகிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

நல்லசாமி சட்டைக்கு மேலேயே இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தார். குலை வெட்டி வெட்டிப் போன முதுகு. திரும்பவும் அந்த வேலைக்குப் போனால் ஒரு வாரம் தாங்கமாட்டார். அது எனக்கும் தெரிந்தது.

“பூசைக்கு முன்னுக்கே ஓடல சார்” என்றார். “ஓடணும்னுதான் பொட்டு வெச்சேன்.”

நான் சிரித்தேன். மறைத்துக்கொள்ளவும் இல்லை.

கேபிள் முனையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். குங்குமம் வெளி உறையோடு நின்றிருந்தது; உள்ளே ஊசிகள் பளிச்சென்று இருந்தன. அதனால் என்ன, எனக்குக் குங்குமத்தின் மேலிருந்த ஆத்திரம் குறையவில்லை. வேறு கேபிள் போட்டேன். அடுத்த போர்ட்டில் செருகினேன். தகவல் வரும் வேகத்தை இறக்கினேன், ஏற்றினேன். திரையில் ஓர் எண்கூட விழவில்லை. முதுகுக்குப் பின்னால் நல்லசாமி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இவர்களிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தவனை முதலில் குலை வெட்ட அனுப்ப வேண்டும்.

கடைசியில் போர்ட்டே போயிருக்கும் என்று நினைத்து, புதியது எடுத்துவரக் காருக்குப் போனேன். பின்பெட்டியில், கருவிகளும் உதிரிகளும் போட்டு வைக்கும் என் பிஸ்கட் டின். திறந்தேன்.

மேலாகவே கிடந்தது அந்த அடாப்டர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். எடைமேடையும் கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் பேசுபவை, ஒரே கம்பியில் கேட்பவை. இது நடுவில் இருந்து கம்பிகளை மாற்றிவிட்டால்தான் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கும். இந்த ஆலையுடையது என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்து.

போன மாதம் சர்வீசுக்கு வந்தபோது சோதிப்பதற்காக நான்தான் அதைக் கழற்றினேன். பாசிர் பெனம்பாங்கில் நண்பர்கள் நண்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். கேபிளை நேராகச் செருகிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

அடாப்டரின் மேல் ஒரு சந்தனப் பொட்டு.

என் மனைவி சரோஜினி வைத்தது. பூசையன்று டின்னில் இருந்ததையெல்லாம் பரப்பி வைத்து, கல்லில் அரைத்த சந்தனத்தைக் குறடுவரை ஒன்றுவிடாமல் வைத்தாள். தட்டை ஏந்திக்கொண்டு நின்றது நான்தான். மறுநாளே எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். நாலு பேர் பார்க்கும் பொருள்கள். இது எப்படியோ தப்பியிருக்கிறது.

உள்ளே போய், தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் ஓர் எடைக் கிராணியிடம், கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்கிற ஆளிடம், நான் மன்னிப்புக் கேட்பதா?

சீட்டைக் கிழித்துப் போட்டேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் தேய்த்து எடுத்தேன்.

அடாப்டரை மாட்டியதும் மேடையில் நின்ற லோரியின் எடை திரையில் வந்து விழுந்தது. அடுத்த லோரிக்கும் விழுந்தது. நல்லசாமி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். பூசைக்குப் பூசியது உள்ளே இறங்கியிருந்தது, கெட்டதை மாற்றிவிட்டேன் என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சாட்சிக்குக் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். நடுவில் மஞ்சளாக ஒரு கறை. மேனேஜர் தலையாட்டினார். அவருக்கு எல்லாப் பொட்டும் ஒன்றுதான்.

நல்லசாமிக்கு அப்படி இல்லை. கறையைக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நாங்க சந்தனம் வெக்கலியே, சார்.”

மெதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இவன் என்ன சொல்கிறான் என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறார் என்றேன்.