நண்டு எழுதாத இடம்

கடற்கரையில் ஒரு நண்டு இருந்தது. தண்ணீர் வடிந்ததும் தன் வளையைச் சுற்றிச் சின்னச் சின்ன மணல் உருண்டைகளை வரிசையாக உருட்டி வைக்கும். கேட்டால், கவிதை என்று சொல்லும். பக்கத்தில் இரை பொறுக்கும் உள்ளான் குருவிதான் அதற்கு ஒரே வாசகி. உள்ளானுக்கு ஒரு வரிகூடப் புரிந்ததில்லை. தோழியின் மனம் நோகக் கூடாதே என்று தினமும் "அருமை" என்று சொல்லிவிடும்.

அன்று நண்டு விடவில்லை. "எந்த இடம்டி பிடிச்சுது? சொல்லேன்."

உள்ளான் திணறிப்போனது. "எனக்கு எதுவுமே புரியலடி. இத்தனை நாளும் பொய்தான் சொன்னேன்."

நண்டின் கண்கள் இரண்டும் மடங்கிக்கொண்டன. "வாசகியாம் வாசகி" என்று முணுமுணுத்தபடி வளைக்குள் இறங்கப் போனது.

"கோவிச்சுக்காதே. இரு, நடந்து பார்க்கிறேன்."

உள்ளான் உருண்டைகளை மிதிக்காமல் வரிகளுக்கு இடையே நடந்தது. ஒரு வரி கிளிஞ்சலைக் கண்டு விலகி ஓடியது. இன்னொன்று ஈரம் ஊறும் இடத்தில் தயங்கி வளைந்தது.

"அட, இது நம்ம கரையேதான்! ஆனா நடுவுல ஏன் காலியா விட்டிருக்கே? மறந்துட்டியா?"

"அங்கே போய் நில்லு."

உள்ளான் போய் நின்றது. தினமும் காலையில் அது ஒற்றைக் காலில் நின்று சிறகு கோதும் இடம் அது.

அதன் ஒரு கால் தானாக மேலே மடங்கிக்கொண்டது. தூரத்தில் அலை திரும்பிக்கொண்டிருந்தது.

"முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை நடக்கட்டுமா?"

"சீக்கிரம் நட, தண்ணி வருது" என்றது நண்டு, இரண்டு கண்களையும் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு.