கடைசி ஆறு பக்கங்கள்

மறுபடியும் கடைசி ஆறு பக்கங்களைக் காணோம்.

நூலகர் அம்மா புத்தகத்தை விரித்துப் பார்த்தார். பிளேடு வைத்து, பிசிறே இல்லாமல் வெட்டி எடுத்திருந்தது. மூன்று மாதத்தில் இது நாலாவது நாவல். நாலுமே டெய்லர் வீட்டுக்குப் போய்த் திரும்பியவை.

இத்தனைக்கும் போன மாதம்தான், யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள் என்று இதே டெய்லர் வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார்.

டெய்லரும் அவர் மனைவியும் சனிக்கிழமை சாயந்திரம் தவறாமல் வருவார்கள். படித்து முடித்த நாவலைப் பற்றி ஜன்னலோர மேஜையில் அரை மணி நேரம் வாதாடுவார்கள். முந்நூறு பக்கத்தில் ஆறு விருந்து வருகிறது, ஒருத்தராவது பாத்திரம் கழுவினார்களா என்பாள் மனைவி. அதைப் பார்க்க நம் வீடு போதாதா, நாவல் வேறு வேண்டுமா என்பார் டெய்லர். காதலிக்கிறவர்களுக்கு எப்படித்தான் இவ்வளவு நேரம் கிடைக்கிறதோ என்று இரண்டு பேரும் சேர்ந்து அலுத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே ரிஜிஸ்டர் எழுதுவது நூலகருக்கு ஒரு பொழுதுபோக்கு.

அன்றைக்கும் அந்த நாலாவது நாவலைப் பற்றிப் பேச்சு நடந்தது. காய்ச்சலில் கிடக்கும் ஒரு பையனைப் பற்றிய கதை. முடிவு கிழிந்துபோயிருந்தால் என்ன, அவன் பிழைத்திருப்பான், அடுத்த வருஷம் பள்ளிக்கூடமும் போயிருப்பான் என்று மனைவி அடித்துச் சொன்னாள். டெய்லர் தலையாட்டினார்.

நூலகர் அந்த நாவலைப் படித்தவர். பையன் பிழைக்கவில்லை.

திங்கட்கிழமை நேரே டெய்லர் கடைக்கே போய்விட்டார்.

"நாலு பேர் படிக்கிற புத்தகம். உங்களை மாதிரி படிக்கிறவங்களே இப்படிப் பண்ணினா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

டெய்லர் மறுக்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். ஒரே மகள். ஒன்பது வயது. போன வருஷம், பத்தே நாள் காய்ச்சல். அதிலிருந்து எந்த நாவலானாலும் முதலில் அவர்தான் படிக்கிறார். முடிவில் குழந்தை இறந்துபோனால் அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டுத்தான் மனைவியிடம் தருகிறார்.

"அவ தாங்க மாட்டா மேடம். பழைய புத்தகம், கிழிஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். அவளும் நம்பிடுவா."

இனிமேல் அவர்களுக்குத் தானே புத்தகம் எடுத்துத் தருவதாக நூலகர் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்னபடி செய்தார். குழந்தை வாடையே இல்லாத நாவல்களாகத் தேடி எடுத்தார். துப்பறியும் கதை, கப்பல் கதை, அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. எல்லாம் முழுசாகத் திரும்பி வந்தன. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அவருக்கு.

ஆனால் ஜன்னலோர மேஜையில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. எப்படியிருந்தது என்று மனைவி கேட்பாள். பரவாயில்லை என்பார் டெய்லர். அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை மனைவி மட்டும் வந்தாள்.

நூலகர் எடுத்து வைத்திருந்த நாவலை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு, மனசுக்கு லேசாக இருக்கும் என்றார்.

அவள் கை நீட்டவில்லை.

"அவரு உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இல்லையா?"

நூலகர் நீட்டிய நாவலை மேஜைமேல் வைத்தார்.

"வெட்டின பக்கமெல்லாம் பீரோவுல அவரு சட்டைக்கு அடியில இருக்கு. அவரு குளிக்கப் போற நேரத்துல எடுத்துப் படிப்பேன். ஒண்ணு விடாம படிச்சிருக்கேன்."

"அப்புறம் அந்தப் பையன் பிழைச்சிருப்பான்னு அவர்கிட்ட..."

"அது அவருக்காகச் சொன்னது."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அத்தனை பேர் முன்னாலும் கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாளாம். அப்பன்தானே, எதையாவது செய்து காப்பாற்று என்று கத்தினாளாம். டாக்டர்களே கையை விரித்த பிறகு அவர் என்ன செய்வார். அன்றிலிருந்து கடையைத் திறக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், மூடுகிறார். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள்.

"சொன்னதைத் திருப்பி வாங்க முடியலை மேடம். மன்னிப்புக் கேட்டா, நீ அப்படிச் சொல்லவே இல்லையேங்கறாரு. அந்தப் பக்கத்தை வெட்டற அன்னிக்குத்தான் ரெண்டு வாய் ஒழுங்கா சாப்பிடுவாரு. என்னையாவது ஏதோ ஒண்ணுலேருந்து காப்பாத்திட்டோம்னு அவருக்கு ஒரு நினைப்பு. இப்ப அஞ்சு வாரமா வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. இன்னிக்குப் படுக்கையை விட்டே எழுந்திரிக்கலை."

சிரிப்பு நாவலை மெதுவாக நூலகர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"குழந்தை சாகற கதையா ஒண்ணு கொடுங்க மேடம்."